கல்லூரியில் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? ஒரு படிவத்தின் வரலாறு



ஆண்டறிக்கையுடன் வெளிவரும் இம்மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று இடம்பெறுவது வழக்கம். பள்ளிவாசல்களைப் பற்றியும் பெரியோர்களைப் பற்றியும் நாம் முன்னர்ப் படித்திருக்கிறோம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தாள். கல்லூரியில் முதலாமாண்டு சேரும் மாணவரின் கையில் கொடுக்கப்படும் பாடத்தேர்வுப் படிவமே அது. ஒரு தாளுக்கும் வரலாறு உண்டா என்று சிலர் வியக்கக்கூடும். அத்தாள் எங்கள் கல்விக்குழுவினருக்குப் புகட்டிய பாடத்தை முதலில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் ஜமாஅத் அலுவலகத்திற்கு வந்தார். அத்தா வளைகுடா நாட்டில் இருந்தார். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவரே. பி.காம். படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷத்துடன் படிவத்தை நிரப்பித் தரும்படி கேட்டார். முதல் பக்கத்தில் பெயர், முகவரி, வருமானம் முதலான விவரங்கள். இரண்டாம் பக்கத்தில், இரண்டு துணைப்பாடங்களுள் ஒன்றைக் குறிக்கவேண்டிய கட்டம். அவற்றுள் ஒன்று கணிதம். "கணக்கை எடுத்து அரியர் வைத்துக்கொள்ளாதே தம்பி, மற்றதைப் போடு" என்று கூறி அக்கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தவர் வேறு யாருமல்லர். எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரே. நல்லெண்ணத்துடன்தான் செய்தார். மூன்றாண்டுகள் கழித்து அம்மாணவர் முதல் வகுப்பில் தேறி, எம்.சி.ஏ. சேர விரும்பி விண்ணப்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதத்தை ஒரு பாடமாகப் படித்திருக்கவேண்டும் என்பது அன்றைய விதி. பிளஸ் டூவில் அவர் கணிதமில்லாத வணிகவியல் பிரிவு. பட்டப்படிப்பில் இருந்த ஒரே கதவையும் நாங்கள் அடைத்திருந்தோம். அவர் எங்களை ஒரு வார்த்தையும் குறைகூறவில்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்திற்று.

இப்படியொரு கட்டம் ஒரு படிவத்தில் எவ்வாறு வந்து சேர்ந்தது? பதினேழு வயதுப் பிள்ளையிடம் தேர்வை ஒப்படைத்தவர்கள் யார்? ஒப்படைத்தவர்கள், அப்பிள்ளைக்கு வழிசொல்ல ஒருவரை அமர்த்தினார்களா? இக்கேள்விகளுக்கு விடை தேடினால் அது நம்மை அமெரிக்காவுக்கு இட்டுச்செல்கிறது. பாடத்தேர்வும் பாடப்பதிவும் பாட ஆலோசனையும் இன்றைய வடிவத்தில் உருவானது அங்கேதான் என்பதால், சற்று விரிவாகவே அதனைக் காண்போம்.

ஒரே வகுப்பு, ஒரே பாடம்

1636-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹார்வர்டு கல்லூரியில் தொடக்ககாலத்தில் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓர் ஆண்டில் சேர்ந்தவர் யாவரும் ஒரே பாடங்களை ஒன்றாகவே படித்தனர். இலத்தீன், கிரேக்கம், தருக்கம், கணிதம் என்பனவே பெரும்பகுதி. ஆசிரியர் கேட்க, மாணவர் எழுந்து ஒப்புவிக்கவேண்டும். நம்மில் மக்தபில் ஓதி வளர்ந்தவர்களுக்கு அக்காட்சி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. என்ன படிப்பது என்பதை மாணவர் எண்ணவேண்டிய தேவை இல்லாதபோது, ஆலோசகருக்கும் தேவை இல்லை.

இக்கட்டுக்கோப்பை முதலில் உடைத்தவருள் தாமஸ் ஜெஃபர்சன் குறிப்பிடத்தக்கவர். அவர் நிறுவி 1825-இல் திறக்கப்பட்ட வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், மாணவர் தாம் விரும்பிய துறையில் மட்டும் சேர்ந்து படிக்கலாம். மூன்றே ஆண்டுகளில், 1828-இல், யேல் கல்லூரி இதற்கு நேர்மாறான அறிக்கையை வெளியிட்டது. பழைய செம்மொழிப் பாடங்களே மனத்தைப் பண்படுத்துவன; அவற்றை விருப்பத்திற்கு விடலாகாது என்பது அதன் சாரம். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அடுத்த அரை நூற்றாண்டுக்கு யேலின் பக்கமே நின்றன. பிரவுன் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ் வேலண்ட் 1850-இல் பாடத்தேர்வுக்கு வழிதிறந்து பார்த்தார். 1855-இல் அவர் பதவி விலகியதும் அம்முயற்சி பின்வாங்கப்பட்டது.

நாற்பதாண்டுத் தலைவர்

1869-இல் ஹார்வர்டின் தலைவராகச் சார்லஸ் வில்லியம் எலியட் பொறுப்பேற்றார். வேதியியல் படித்தவர்; அப்போது வயது 35. 1909 வரை, நாற்பதாண்டுகள் அப்பதவியில் இருந்தார். ஒரே அடியாக அவர் எதையும் மாற்றிவிடவில்லை. 1872-இல் நான்காமாண்டு மாணவருக்குக் கட்டாயப் பாடங்கள் நீக்கப்பட்டன. 1879-இல் மூன்றாமாண்டு, 1884-இல் இரண்டாமாண்டு, 1885-இல் முதலாமாண்டுக் கட்டாயங்களும் பெரிதும் தளர்ந்தன. 1897 வாக்கில் எல்லாரும் படித்தாகவேண்டியது என எஞ்சி நின்றது முதலாமாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்றுதான்.

எலியட்டின் வாதம் எளிமையானது. ஒவ்வோர் இளைஞனின் அறிவும் ஒவ்வொரு பாங்குடையது. பதினெட்டு வயதில் தன் நாட்டம் எதில் என்று அவனுக்குத் தெரியும். தானே தேர்ந்த பாடத்தை ஆர்வத்துடன் படிப்பான். இவ்வாதத்தின் பின்னே அவ்வளவாக உரத்துச் சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு. புதிய அறிவியல்கள் பெருகிக்கொண்டிருந்தன. நான்காண்டில் அனைத்தையும் அனைவருக்கும் கற்பிப்பது இயலாது. மேலும், ஒரே தொடக்கநிலைப் பாடத்தை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும் பேராசிரியரால் தம் துறையில் ஆழமாகச் செல்ல இயலாது. விருப்பமுள்ள சிலர் மட்டும் வந்தமர்ந்தால் உயர்ந்த பாடம் நடத்தலாம், ஆராய்ச்சியும் வளரும். ஆக, மாணவருக்குக் கிடைத்த சுதந்திரம் ஆசிரியருக்கும் கிடைத்த சுதந்திரமே.

எதிர்ப்பும் வலுவாகவே எழுந்தது. 1885 பிப்ரவரியில் நியூயார்க் நகரில் எலியட்டும் பிரின்ஸ்டன் தலைவர் ஜேம்ஸ் மெக்காஷும் ஒரே மேடையில் வாதிட்டனர். இலேசான பாடங்களைப் பொறுக்கி எடுத்துப் பட்டத்தைத் தட்டிச்செல்வார்கள் என்பது மெக்காஷின் குற்றச்சாட்டு. இருவரும் தத்தம் கல்லூரியில் கண்டதையே பேசினர் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இருவருமே பேசாத ஒன்று உண்டு. அன்று ஹார்வர்டுக்கு வந்தவருள் பெரும்பாலோர் வசதிபடைத்த குடும்பத்துப் பிள்ளைகள். தந்தையோ, தமையனோ, மாமனோ ஏற்கெனவே கல்லூரி கண்டவர்கள். எந்தப் பாடத்திற்குப்பின் எந்தப் பாடம், எது எந்தத் தொழிலுக்கு உதவும் என்பதெல்லாம் அவ்வீடுகளில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. எலியட் நம்பிய பதினெட்டு வயது இளைஞனுக்குப் பின்னால் இப்படியொரு வீடு இருந்தது. அவ்வீடு இல்லாதவன் என்ன செய்வான் என்பதை அவர் அவ்வளவாக எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆலோசகர் வந்த கதை

தேர்வு வந்ததும் அதன் பின்னே அச்சிட்ட பாடப்பட்டியல் வந்தது. நேர அட்டவணை வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பாடங்கள் மோதும் சிக்கல் வந்தது. முன்பாடம், கடைசித் தேதி, கையொப்பம் எல்லாம் வந்தன. இவற்றையெல்லாம் எடுத்துச்சொல்ல ஓர் ஆளும் தேவைப்பட்டார்.

இவ்வகையில் முன்னோடியாகப் போற்றப்படுவது 1876-இல் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அதன் தலைவர் டேனியல் காயிட் கில்மன் முழுச் சுதந்திரத்தையும் ஏற்கவில்லை, முழுக் கட்டாயத்தையும் ஏற்கவில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தும் பாடங்களைத் தொகுதிகளாக்கி, மாணவர் ஒரு தொகுதியைத் தேர்ந்துகொள்ளும்படி செய்தார். மாணவருக்கு ஆலோசகராகப் பேராசிரியர் ஒருவரையும் அமர்த்தினார். நம் பிளஸ் டூவில் முதல் குரூப், இரண்டாம் குரூப் என்று வழங்கும் ஏற்பாட்டுக்கு இது தூரத்து உறவு எனலாம். ஹார்வர்டும் விழித்துக்கொண்டது. கூட்டம் பெருகி, தேர்வும் பெருகிய நிலையில், 1889-இல் முதலாமாண்டு மாணவருக்கென்றே ஆலோசகர் குழுவொன்று அங்கே ஏற்பட்டது.

நல்ல ஆலோசனை ஒரு வாழ்க்கையை எவ்வாறு திருப்பும் என்பதற்கு அதே காலத்து எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1888-இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்ற கறுப்பின இளைஞர், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் ஹார்வர்டில் மூன்றாமாண்டு மாணவராகச் சேர்ந்தார். அவருடைய ஆசை தத்துவம். தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் அவரிடம் அன்பு கொண்டவர்; வீட்டுக்கும் அழைத்து உபசரித்தவர். தம் துறைக்கு ஓர் அறிவாளி மாணவர் கிடைத்தார் என்று அவர் இழுத்துப்போட்டுக்கொள்ளவில்லை. தத்துவத்தைக் கொண்டு பிழைப்பு நடத்துவது கடினம் என்று வெளிப்படையாகச் சொன்னார். டு பாய்ஸ் வரலாற்றின் பக்கமும் சமூக ஆய்வின் பக்கமும் திரும்பினார். 1895-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1899-இல் அவர் வெளியிட்ட பிலடெல்பியா நகரக் கறுப்பின மக்களைப் பற்றிய ஆய்வு, சமூகவியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. வீட்டிலோ உறவிலோ கேட்க ஆளில்லாத மாணவருக்கு ஆசிரியர் ஒருவர் உண்மையைச் சொன்னார். இவ்வளவும் அதன்பின் நடந்தது.

ஆனால் ஜேம்ஸைப் போன்றவர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்? நூற்றாண்டின் இறுதியில் ஹார்வர்டே தன் மாணவரின் பாடத்தேர்வை ஆராய்ந்தது. 1898-இல் பட்டம் பெற்ற வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் தொடக்கநிலைப் பாடங்களைத் தாண்டவே இல்லை என்பது வெளிப்பட்டது. 1909-இல் எலியட்டுக்குப்பின் வந்த அப்பட் லாரன்ஸ் லோவெல் இதனைத் திருத்தினார். பட்டத்துக்குரிய 16 பாடங்களுள் 6 ஒரே துறையில் இருக்கவேண்டும். சில பாடங்கள் பிற துறைகளில் பரவியிருக்கவேண்டும். எஞ்சியவை மாணவர் விருப்பம். இன்று முதன்மைப்பாடம், பிறதுறைப் பாடம், விருப்பப்பாடம் என்று நம் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழில் காணும் பிரிவுகளுக்கு மூலம் இதுவே.

ஓய்வூதியத்திலிருந்து வந்த கிரெடிட்

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. 'கிரெடிட்' என்ற கணக்கு மாணவர் நலனுக்காகப் பிறந்ததன்று. உருக்கு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகி, பேராசிரியர்களின் ஓய்வூதியத்திற்காக 1905-இல் ஒரு கோடி டாலர் அளித்தார். அதனைப் பெறத் தகுதியுள்ள கல்லூரி எது என்று வரையறுக்க வேண்டியதாயிற்று. உயர்நிலைப் பள்ளியில் குறைந்தது 14 அலகுகள் படித்தவரையே சேர்க்கும் நிறுவனம்தான் கல்லூரி என்று கார்னகி அறக்கட்டளை முடிவு செய்தது. ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு. அறக்கட்டளையின் அறங்காவலர் குழுவுக்கு முதல் தலைவர் யார் எனில், அவரும் நம் எலியட்டே. ஓய்வூதியம் வேண்டிய கல்லூரிகள் இந்த மணிக்கணக்கை ஏற்றன. 1910-இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர், தொழிற்சாலையை அளப்பதுபோல் கல்லூரியையும் மாணவர்-மணி கொண்டு அளக்கும் அறிக்கையை எழுதினார். அறிவை மணிக்கணக்கில் எடைபோடுவது சரியா என்ற கேள்வி அன்றே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. ஆயினும் ஓர் ஊரில் படித்ததை இன்னோர் ஊரில் எண்ணிச் சேர்த்துக்கொள்ள அக்கணக்கு உதவிற்று என்பதை மறுக்கவியலாது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது நம் ஆலிம்களுக்கு நன்கு அறிமுகமான ஒரு நூல் நினைவுக்கு வராமற் போகாது. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புர்ஹானுத்தீன் ஸர்னூஜீ அவர்களின் 'தஃலீமுல் முதஅல்லிம்' அது. எந்தக் கல்வியை, எந்த ஆசிரியரிடம், எந்த வரிசையில் கற்பது என்பதைப் பற்றி அதில் தனி இயலே உண்டு. கல்வி தேடிப் புகாராவுக்குப் புறப்பட்ட மாணவர் ஒருவருக்கு சமர்கந்தைச் சேர்ந்த அறிஞர் கூறிய யோசனையையும் அவர் எடுத்தெழுதுகிறார். போன உடனே எந்த ஆசிரியரிடமும் சேர்ந்துவிடாதே. இரண்டு மாதம் தங்கி, பார்த்து, யோசித்து, அதன்பின் ஒருவரைத் தேர்ந்துகொள். இல்லையேல் பாதியில் விட்டுப்போக நேரிடும் என்பது அதன் கருத்து. இன்று பல பல்கலைக்கழகங்கள் பருவத்தின் தொடக்கத்தில் பாடத்தை மாற்றிக்கொள்ள ஓரிரு வாரம் அவகாசம் தருகின்றன. அதனை அவர்கள் ஸர்னூஜீயிடம் கற்றார்கள் என்று நாம் பெருமை பேச வரவில்லை; அப்படி ஒரு தொடர்பும் இல்லை. தேர்வு என்று ஒன்று இருக்கும் இடமெல்லாம் யோசிக்கக் கால அவகாசமும் கேட்க ஒரு பெரியவரும் தேவைப்பட்டனர் என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

கூட்டம் பெருகியபோது

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நிலைமை மாறிற்று. 1944-இல் இயற்றப்பட்ட சட்டம் போர்வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்க வகைசெய்தது. சுமார் 22 லட்சம் பேர் அதன்வழி கல்லூரிகளில் சேர்ந்தனர். பலர் தம் குடும்பத்தின் முதல் கல்லூரி மாணவர்கள். பதிவு நாளில் உடற்பயிற்சிக் கூடங்களில் மேசைகளைப் போட்டு, துறைக்கொரு வரிசையாக நிற்கவைத்துப் பாடங்களைப் பதிந்தனர். பின்னர் துளையிட்ட அட்டைகள் வந்தன. 1964-இல் பெர்க்லி வளாகத்தில் நடந்த மாணவர் கிளர்ச்சியில் அந்த அட்டையே கேலிச் சின்னமாயிற்று. எங்களை மனிதராகப் பாருங்கள், அட்டையாகப் பார்க்காதீர்கள் என்பது அவர்களின் குமுறல். 1980-களில் தொலைபேசி எண்களை அழுத்தியே பதியும் முறையும், அதன்பின் கணினிவழிப் பதிவும் வந்தன. வரிசை ஒழிந்தது. ஆனால் வரிசையில் முன்னே நின்ற மூத்த மாணவரிடம் 'இந்தப் பாடம் எப்படி அண்ணா?' என்று கேட்கும் வாய்ப்பும் அதனுடன் ஒழிந்தது.

1972-இல் டெர்ரி ஓபானியன் என்பவர் எழுதிய சிறு கட்டுரை இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆலோசனைக்கு அவர் ஐந்து படிகளை வகுத்தார். வாழ்க்கையில் எதை நாடுகிறாய் என்பது முதற்படி. எந்தத் தொழில் என்பது அடுத்தது. பின்னர் எந்தப் படிப்பு; அதன்பின் எந்தெந்தப் பாடங்கள்; இறுதியில்தான் எந்த நேரத்து வகுப்பு என்பது. இதனை முதன்முறை படித்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் மேசையில் அந்நாள்வரை நடந்ததெல்லாம் நான்காம் படியும் ஐந்தாம் படியும் மட்டுமே. அம்மாணவரிடம் 'மூன்றாண்டு கழித்து என்ன செய்ய எண்ணம்?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் கணினியைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

1979-இல் ஆலோசகர்களுக்கென்றே தேசிய அளவில் ஒரு சங்கம் அங்கே அமைந்தது. ஆலோசனையால் உண்மையில் பயன் உண்டா என்பதைப் புள்ளிவிவரத்துடன் காட்டிய முயற்சிகளும் பின்னர் நடந்தன. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் ஏழை மாணவருக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கட்டணக் குறைவை ஈடுசெய்தல், பயண அட்டை, புத்தக உதவி ஆகியவற்றுடன், 60 முதல் 80 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. வழக்கமான கல்லூரிகளில் ஓர் ஆலோசகருக்கு 600 மாணவருக்குக் குறையாது. தொடக்க நிலையில் பின்தங்கியிருந்த மாணவரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. மூன்றாண்டுக்குள் பட்டம் முடித்தவர் வழக்கமான முறையில் 22 விழுக்காடு; இத்திட்டத்தில் 40 விழுக்காடு. பணமும் காரணம், ஆளும் காரணம். ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்வது நேர்மையாகாது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012 முதல் வேறு வழியில் சென்றது. மாணவர் தவறான பாடத்தைப் பதிந்தாலோ, முக்கியப் பாடத்தில் மதிப்பெண் சரிந்தாலோ கணினி உடனே எச்சரிக்கும். எச்சரித்தவுடன் மாணவரை அழைத்துப் பேசுவது மனிதர். அதற்கென ஆலோசகர்களை அவர்கள் புதிதாகப் பணியமர்த்தினர் என்பதே அதில் நாம் கவனிக்கவேண்டியது.

நம் மாநிலத்துக்கு வந்த வழி

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றியது. பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்தும், கல்லூரி கற்பிக்கும். மாணவருக்கு எந்தப் பிரிவு என்பதில் தேர்வு உண்டு. பிரிவில் சேர்ந்தபின் பெரும்பாலும் இல்லை. நூறாண்டுக்குமேல் இம்முறையே நீடித்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும், சென்னை புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951-இலும் தோன்றி நம் சமுதாயத்துப் பட்டதாரிகளை உருவாக்கியதும் இம்முறையின் கீழேதான். அக்காலத்தில் பெரும் போராட்டம் கல்லூரியில் சேர்வதே. சேர்ந்துவிட்டால் பாதை ஒன்றே, வழிதவற இடமில்லை.

அமெரிக்க முறை நம் நாட்டிற்குள் முதலில் நுழைந்தது கலைக் கல்லூரிகளின் வாயிலாக அன்று. 1960-இல் பந்த்நகரில் தொடங்கி, 1971-இல் கோயம்புத்தூர் வரை ஏற்பட்ட வேளாண் பல்கலைக்கழகங்கள் கிரெடிட்டையும் பருவமுறையையும், மாணவருக்கு ஆலோசக ஆசிரியர் என்ற வழக்கத்தையும் கொண்டுவந்தன. 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் துணையுடன் வளர்ந்த கான்பூர் ஐ.ஐ.டி.யும் அவ்வாறே. கலை அறிவியல் கல்லூரிகளில் 1978-இல் சென்னை இலயோலா, கிறித்துவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றபோது சிறிதளவு தேர்வு வந்தது. 2008-09 கல்வியாண்டை ஒட்டித் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சி.பி.சி.எஸ். என்னும் விருப்பத்தேர்வுக் கிரெடிட் முறை பரவலாயிற்று. 2015-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதனை நாடு முழுமைக்கும் வலியுறுத்தியது. வாரம் ஒரு மணி நேர விரிவுரை ஒரு பருவத்திற்கு ஒரு கிரெடிட் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. 2021-இல் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் தேசிய வங்கி முறையும் விதிகளாக வெளியிடப்பட்டது.

கவனித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். படிவம் வந்தது, கிரெடிட் வந்தது, கணினிவழிப் பதிவும் வந்தது. ஆலோசகர் மட்டும் அதே வேகத்தில் வரவில்லை. பல கல்லூரிகளில் வகுப்பாசிரியரே ஆலோசகர். அறுபது எழுபது மாணவரின் வருகைப் பதிவு, உதவித்தொகை, ஒழுங்கு எல்லாவற்றுக்கும் நடுவே அவர் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு நேரம் பேசமுடியும்? அவர்களைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. மாநில அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் தொழிற்பயிற்சியையும் வழிகாட்டலையும் ஓரளவு கொண்டுவந்திருக்கிறது. அதனை நம் பிள்ளைகள் முறையாகப் பயன்படுத்தவேண்டும்.

நம் வீடுகளில் எழும் ஐயங்களையும் சிறிது கூறிவிடுகிறோம். பகுதி ஒன்றில் தமிழா, அரபியா, உருதுவா என்பது முதல் கேள்வி. பிளஸ் டூ வரை தமிழ் படித்த பிள்ளை பகுதி ஒன்றில் அரபியை எடுத்தால், சி.பி.சி.எஸ். ஏற்பாட்டில் பகுதி நான்கில் உயர்நிலைத் தமிழ் வந்து சேரும். தமிழே எடுத்தால் அவ்விடத்தில் பிறதுறை விருப்பப்பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் தவறில்லை, தெரிந்து எடுக்கவேண்டும் என்பதே. அடுத்தது, புதுப்பெயருள்ள பட்டங்கள். அரசுப் பணிக்கு அப்பட்டம் எதற்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே கேட்டறியவேண்டும். மூன்றாண்டு கழித்துக் கேட்பதில் பயனில்லை. பெண்பிள்ளைகள் விஷயத்தில், பேருந்து வசதியுள்ள கல்லூரி எது என்பது முடிவானபின்தான் என்ன படிப்பு என்ற பேச்சே நம் வீடுகளில் தொடங்குகிறது. அதன் நியாயம் எங்களுக்குத் தெரியாததன்று. எனினும் ஓபானியனின் ஐந்து படிகளுக்குக் கீழே ஆறாவதாக ஒரு படியை நாமே வெட்டி, அதிலிருந்து ஏறத் தொடங்குகிறோமோ என்று தோன்றுகிறது.

இப்போது எங்கள் குழு படிவம் நிரப்பும் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் இஷா தொழுகைக்குப்பின் மதரஸா மாடியில் மேசை போடுகிறோம். அதே துறையில் படித்து முடித்த நம்மூர்ப் பட்டதாரி ஒருவர் உடனிருந்தாலன்றி, எந்தப் பாடத்தேர்வுக் கட்டத்திலும் நாங்கள் பேனாவை வைப்பதில்லை. ஆள் இல்லையெனில் இரண்டு நாள் கழித்து வரும்படி சொல்லி, வெளியூரில் இருப்பவரைத் தொலைபேசியில் பிடிக்கிறோம். தாயையோ தகப்பனையோ அழைத்துவரச் சொல்கிறோம். பிள்ளை பேச, அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கால்மணி நேரம், பல வீடுகளில் அதுவரை நடவாத ஒன்று.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அம்மாணவர் இப்போது ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் நல்ல பணியில் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். கணினிப் படிப்பு மட்டும் கைகூடவில்லை. சென்ற ஆண்டு அவரும் மாடிக்கு வந்து எங்களுடன் அமர்ந்தார். முதலில் வந்த பையன் படிவத்தை நீட்டியதும், முதல் பக்கத்தைத் தொடாமல் புரட்டி, இரண்டாம் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "சொல்லு தம்பி, படிச்சு முடிச்சு என்ன செய்யலாம்னு இருக்கே?" என்று கேட்கத் தொடங்கினார்.